12,34,56,789: திண்ணைக் கரும்பலகை எண்ணைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு கரும்பலகை உண்டு. மாலையில் ஏழெட்டுப் பிள்ளைகள் கணக்குப் படிக்க வருவார்கள். பலகையின் வலது மேல் மூலையில் 12,34,56,789 என்று எழுதி, கட்டம் போட்டு, பக்கத்தில் ‘அழிக்காதே’ என்றும் குறித்திருக்கிறேன். பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற பெற்றோர், பால்காரர், எதிர்வீட்டு ஆச்சி, பொங்கலுக்கு ஊர் திரும்பும் உறவினர் என்று யார் வந்தாலும் கண் அந்தக் கட்டத்தில்தான் போய் நிற்கும். கேள்விகளும் அநேகமாக அவையே. சொன்னதையே சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றின் தோளில் ஏறி நிற்பவை.

இதை எப்படி வாசிப்பது டீச்சர்?

பன்னிரண்டு கோடியே முப்பத்து நான்கு லட்சத்து ஐம்பத்தாறாயிரத்து எழுநூற்று எண்பத்தொன்பது. ஒன்று முதல் ஒன்பது வரை ஒவ்வோர் இலக்கமும் ஒரே ஒரு முறை, வரிசை மாறாமல் நிற்கிறது. சுழியம் கிடையாது.

வெளிநாட்டு வழக்கப்படி மும்மூன்றாகப் பிரித்தால் 123,456,789 என்று இன்னும் அழகாக விழும். ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கோடியும் லட்சமும் சொல்லி வளர்ந்த நாக்குக்கு நம் காற்புள்ளிதான் வசதி.

இத்தனை எண் இருக்க, இதைப் போய் ஏன் கட்டம் கட்டி வைத்திருக்கிறீர்கள்?

என் தாத்தா ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளை. கணக்கெழுதப் பழக வரும் பையனிடம் அவர் முதலில் பேரேட்டைக் கொடுக்க மாட்டார். ஒரு துண்டுக் காகிதத்தில் இந்த எண்ணை எழுதி, “எட்டால் பெருக்கி, வந்ததோடு ஒன்பதைக் கூட்டு” என்பார். பையன் சரியாகச் செய்திருந்தால் 98,76,54,321 என்று எண் தலைகீழாகித் திரும்பும்.

அதன் சாமர்த்தியம் இதில் இருக்கிறது: எட்டொன்பது எழுபத்திரண்டுக்கு 2 எழுதி 7 மிச்சம், எட்டெட்டு அறுபத்து நான்கோடு அந்த 7 சேர்ந்து 71, 1 எழுதி மறுபடி 7 மிச்சம், இப்படி ஒவ்வொரு படியிலும் மிச்சத்தைக் கூட்ட வேண்டியிருக்கிறது. எங்கே கோட்டை விட்டாலும் விடையின் வரிசை அங்கே கலைந்துவிடும். திருத்த ஆள் வேண்டாம், விடைத்தாள் வேண்டாம். பையன் முகத்தைப் பார்த்தாலே போதும் என்பார் தாத்தா. நானும் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இதையேதான் கொடுக்கிறேன்.

ஒன்றிலிருந்து இதுவரை எண்ணினால் எத்தனை நாள் ஆகும்?

நொடிக்கு ஓர் எண் வீதம், உண்ணாமல் உறங்காமல் எண்ணினால் 1,428 நாள், 21 மணி, 33 நிமிடம், 9 நொடி. நான்கு ஆண்டுக்கு ஒரு மாதம் குறைவு.

கணினிகளில் பல 1970 ஜனவரி 1 தொடங்கி நொடிகளை எண்ணித்தான் நேரம் வைத்துக்கொள்கின்றன. அந்தக் கணக்கில் 12,34,56,789-ஆவது நொடி நம் ஊர் நேரப்படி 1973 நவம்பர் 30 அதிகாலை 3 மணி 3 நிமிடம் 9 நொடிக்கு வந்து போயிற்று.

இது பகா எண்ணா?

இல்லை. இலக்கங்களைக் கூட்டுங்கள்: 45. அது ஒன்பதின் மடங்கு. ஆகவே எண்ணும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். வகுத்தால் 1,37,17,421.

“கூட்டுத்தொகை வகுபட்டால் எண்ணும் வகுபடும்” என்பதைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். காரணம் பலருக்குத் தெரியாது. பத்து என்பது ஒன்பதும் ஒன்றும். நூறு என்பது தொண்ணூற்றொன்பதும் ஒன்றும். ஆயிரம், லட்சம், கோடி எல்லாமே ஒன்பதுகளாலான ஓர் எண்ணோடு ஒன்று. ஆக 700 என்றால் ஏழு தொண்ணூற்றொன்பதுகள் போக 7 மிஞ்சும். 80 என்றால் எட்டு ஒன்பதுகள் போக 8 மிஞ்சும். ஒவ்வோர் இடத்திலும் ஒன்பதின் மடங்கை அள்ளி எடுத்துவிட்டால் கையில் மிஞ்சுபவை இலக்கங்கள் மட்டுமே. இந்தப் பத்தியை விரலால் ஒரு மடிப்பு மடித்து வையுங்கள். கீழே பல இடங்களில் இதுதான் வேலை செய்யப்போகிறது.

இதே இலக்கங்களைக் கலைத்துப் போட்டால் எங்காவது ஒரு பகா எண் சிக்காதா?

சிக்காது. எப்படிக் கலைத்தாலும் கூட்டுத்தொகை 45தான். ஒன்பது இலக்கங்களையும் மாற்றி மாற்றி அடுக்க 3,62,880 வழிகள் உண்டு. அத்தனையும் ஒன்பதின் மடங்குகள். அவற்றிலேயே மிகச் சிறியது நம் கட்டத்து எண். மிகப் பெரியது 98,76,54,321.

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி இன்னொன்று கேட்டாள்: இத்தனைக்கும் சராசரி என்ன? 3,62,880 எண்களையும் கூட்ட வேண்டாம். ஒவ்வோர் இடத்திலும் ஒன்று முதல் ஒன்பது வரை எல்லா இலக்கங்களும் சம எண்ணிக்கையில் வந்து போகும். ஆகவே ஒவ்வோர் இடத்தின் சராசரியும் 5. மொத்தச் சராசரி 55,55,55,555.

எனக்கு ஒன்பது ராசியான எண். இதில் கூட்டுத்தொகை 45, அதைக் கூட்டினால் 9. வீட்டு வாசலில் எழுதி வைக்கலாமா?

எழுதலாம். கோலத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் எழுதுங்கள்.

ஒன்பது வருவதற்குக் காரணம் நாம் பத்து பத்தாக எண்ணுகிறோம் என்பதே, மேலே சொல்லியாயிற்று. அதற்கு மேல் அதில் எதையும் ஏற்றாதீர்கள். அப்படியே கைப்பேசிக்கும் வங்கிக் கணக்குக்கும் இதைக் கடவுச்சொல்லாக வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: வேண்டவே வேண்டாம். உலகத்தில் மிக அதிகமாகப் பயன்படும் கடவுச்சொற்களில் இதுவும் ஒன்று. திருடன் முதலில் தட்டிப் பார்க்கும் கதவு இது.

கணக்கு உதைத்தால் வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார் என்று எங்கள் அப்பச்சி சொல்வார். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, அது மேலே மடித்து வைக்கச் சொன்ன பத்தியேதான். இலக்கம் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது. ஆகவே ஓர் எண்ணுக்கும் அதன் இலக்கங்களை மாற்றி எழுதிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்கு. அன்றாட வரவு செலவு எழுதும் சிட்டையிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றும்போது 4,817-ஐ அவசரத்தில் 4,187 என்று எழுதிவிட்டால் ஐந்தொகையில் இரு பக்கமும் ஒட்டாமல் 630 ரூபாய் உதைக்கும். 630-ஐ ஒன்பதால் வகுத்தால் 70. அந்த 70 இரண்டு செய்திகளைச் சொல்கிறது: பிழை நூறு, பத்து ஆகிய இடங்களில் நடந்திருக்கலாம், மாறிய இரண்டு இலக்கங்களுக்கும் வித்தியாசம் 7. ஆகவே 81, 92, 70 என்று வருகிற இடங்களை மட்டும் விரலால் தடவிப் பார்த்தால் போதும். ஒரு நாள் வேலை அரைமணியில் முடியும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்பதால் வகுபட்டால் இடமாற்றம்தான் என்று முடிவு கட்டக்கூடாது. 450 என்பதை 45 என்று எழுதினாலும் 405 உதைக்கும். அதுவும் ஒன்பதின் மடங்கே. இரண்டாவது, தாத்தா காலத்துக் கணக்கு ரூபாய், அணா, பை. பன்னிரண்டு பை ஓர் அணா, பதினாறு அணா ஒரு ரூபாய். ரூபாய்ப் பத்தியில் இடம் மாறினால் இந்த வைத்தியம் பலிக்கும். ரூபாயின் எண்ணை அணாவிலும் அணாவின் எண்ணை ரூபாயிலும் எழுதிவிட்டால் பலிக்காது, ஏனென்றால் அங்கே பத்தின் ஆட்சி இல்லை. 1957 ஏப்ரலில் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று வந்த பிறகுதான் ஒன்பதுக்கு முழுப் பத்தியிலும் அதிகாரம் கிடைத்தது.

எட்டால் பெருக்கி ஒன்பது கூட்டினால் தலைகீழாகிறது என்றீர்கள். என்ன மாயம் அது?

செட்டிநாட்டுச் செட்டியார்களான நகரத்தாரின் கோயில்கள் ஒன்பது: இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. ஒருவர் முதல் கோயிலுக்கு 1 ரூபாய், இரண்டாவதற்கு 11, மூன்றாவதற்கு 111 என்று உண்டியலில் போட்டுக்கொண்டே போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதாவதில் 11,11,11,111 ரூபாய் போட வேண்டியிருக்கும். அது அவர் பாடு. மொத்தம் என்ன? ஒன்றாம் இடத்தில் ஒன்பது கோயில்களும் ஆளுக்கு ஓர் 1 வைத்திருக்கின்றன. பத்தாம் இடத்தில் முதல் கோயில் கழன்றுவிடுகிறது, எட்டு. நூறாம் இடத்தில் ஏழு. இப்படியே குறைந்து கடைசி இடத்தில் ஒன்றே ஒன்று. மொத்தம் 12,34,56,789. நம் எண்ணின் பிறப்பு இதுதான்.

இப்போது ஒவ்வோர் உண்டியலையும் ஒன்பதால் பெருக்குங்கள். 9, 99, 999 என்று வரும். ஒவ்வொன்றிலும் 1 சேர்த்தால் 10, 100, 1,000 என்று முழு எண்ணாகும். ஒன்பது உண்டியல்களுக்கு ஒன்பது ஒன்றுகள். ஆகவே நம் எண்ணின் ஒன்பது மடங்கோடு 9 கூட்டினால் 10, 100, 1,000 முதல் 100 கோடி வரை எல்லாம் சேர்ந்த தொகை, அதாவது 1,11,11,11,110.

மறுபக்கம், நம் எண்ணையும் தலைகீழ் எண்ணையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டிப் பாருங்கள். 9-க்குக் கீழ் 1, 8-க்குக் கீழ் 2 என்று எல்லா இடத்திலும் பத்து பத்தாகவே விழும். கூட்டுத்தொகை அதே 1,11,11,11,110. இரண்டு வழியிலும் ஒரே தொகை. ஆக எண்ணோடு தலைகீழ் எண் என்பதும், எண்ணின் ஒன்பது மடங்கோடு 9 என்பதும் ஒன்றே. இரு பக்கத்திலும் ஓர் எண்ணை எடுத்துவிட்டால் தலைகீழ் எண் என்பது எட்டு மடங்கோடு 9. மாயம் முடிந்தது.

அப்படியானால் பெரியதைச் சிறியதால் வகுத்தால் சரியாக எட்டு வருகிறதே? என் கால்குலேட்டர் எட்டு என்றுதான் காட்டுகிறது.

உங்கள் கால்குலேட்டருக்கு இடம் போதவில்லை. சரியான விடை எட்டும், 1,37,17,421-இல் ஒரு பங்கும்: 8.0000000729 என்று போகும். இலக்கம் குறைந்த திரையில் அந்த வால் தெரியாது.

இந்த இரு எண்களுக்கும் பொதுவான மிகப் பெரிய வகுஎண் எது என்று தேர்வில் கேட்டால் பயப்படாதீர்கள். பெரியது என்பது சிறியதின் எட்டு மடங்கோடு 9. இரண்டையும் வகுக்கிற எதுவும் அந்த 9-ஐயும் வகுத்தாக வேண்டும். ஆகவே விடை 9.

ஒன்பதால் வகுத்தது சரி. மிச்சமுள்ள 1,37,17,421-ஐக் கணினி இல்லாமல் எப்படிப் பிரிப்பது?

இந்தப் பக்கத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 26; ஆக மூன்றால் இனி வகுபடாது. 7, 11, 13 என்று ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துக்கொண்டே போகலாம். போனால் ஐந்நூறு தடவை வகுத்துத் தோற்க வேண்டியிருக்கும், பொழுது விடிந்துவிடும்.

வேறு வழி இருக்கிறது. ஓர் எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடிந்தால், அது அந்த இரண்டின் கூட்டுத்தொகையையும் வித்தியாசத்தையும் பெருக்கிய தொகை. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ஃபெர்மா காட்டிய வழி. 1,37,17,421-இன் வர்க்கமூலம் 3,703-க்குச் சற்று மேலே. அடுத்த முழு எண் 3,704. அதன் வர்க்கம் 1,37,19,616. நம் எண்ணைக் கழித்தால் 2,195. அது வர்க்க எண் இல்லை. அடுத்தது 3,705, வர்க்கம் 1,37,27,025. கழித்தால் 9,604. அது 98-இன் வர்க்கம்!

முடிந்தது. 3,705-இலிருந்து 98-ஐக் கழித்தால் 3,607. கூட்டினால் 3,803. இரண்டும் பகா எண்கள். 3,607-க்கு 59 வரையிலும் 3,803-க்கு 61 வரையிலும் உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் உறுதியாகிவிடும். ஆக நம் எண் 3 × 3 × 3,607 × 3,803. இரண்டாவது தட்டிலேயே கதவு திறந்தது எதனால்? இரண்டு காரணிகளும் ஒன்றுக்கொன்று அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால். ஏன் பக்கத்தில் உட்கார்ந்தன என்றால், என் பார்வையில் அது வெறும் தற்செயல். எட்டால் பெருக்குவதில் இருக்கிற அழகுக்கு இரண்டு பத்தியில் காரணம் சொல்லிவிட்டேன். இதற்குச் சொல்ல ஒன்றுமில்லை. அதனால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. தலைகீழ் எண்ணை உடைத்தால் 3 × 3 × 17 × 17 × 3,79,721 என்று வருகிறது. அதில் இந்த நளினம் இல்லை.

இத்தனை ஆத்தங்குடிக் கல் கொடுத்தால் ஒரு வளவு போடலாமா, மிச்சமில்லாமல்?

கல் பதிக்கிற மேஸ்திரி ஒருவர் விளையாட்டாகக் கேட்டது. (ஆத்தங்குடிக் கல் என்பது எங்கள் பக்கத்துத் தரைக்கல், வளவு என்பது வீட்டின் நடுமுற்றப் பகுதி.) நல்ல கேள்வி, ஏனென்றால் நீள அகலம் கண்டுபிடிப்பதும் காரணி கண்டுபிடிப்பதும் ஒரே வேலை. மேலே கண்ட காரணிகளைக் கலந்து கட்டினால் நம் எண்ணுக்கு மொத்தம் பன்னிரண்டு வகுஎண்கள், ஆறு ஜோடிகள். ஆகவே கல்லை உடைக்காமல், மிச்சம் வைக்காமல் ஆறே வடிவங்களில் தளம் போடலாம். அவற்றில் ஐந்து, வீடு என்று சொல்ல முடியாத அளவுக்கு ஒல்லி அல்லது நீளம். ஆறாவதுதான் உருப்படி: 10,821 வரிசை, வரிசைக்கு 11,409 கல். எட்டங்குலக் கல் என்று வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் 2.2 கிலோமீட்டர், மறுபக்கம் 2.3 கிலோமீட்டர். செட்டிநாட்டு வீடு தெருவிலிருந்து தெரு வரை நீளும் என்பார்கள். இது ஊரிலிருந்து ஊர் வரை நீளும்.

சதுரமாகவே போட முடியாதா?

முடியாது. அது வர்க்க எண் இல்லை. ஆனால் எவ்வளவு அருகில் வந்து தவறுகிறது என்று பாருங்கள். பக்கத்துக்கு 11,111 கல் வைத்துச் சதுரம் போட்டால் செலவாவது 12,34,54,321. மிச்சம் 2,468 கல். வர்க்கம் முன்னும் பின்னும் ஒன்றாகப் படிக்கிறது, மிச்சம் இரட்டைப்படையில் வரிசையாக நிற்கிறது. ஒன்றுகளை ஒன்றுகளால் பெருக்கினால் படிக்கட்டு ஏறி இறங்கும் என்பது கோயில் உண்டியல் கணக்கின் தம்பிதான்.

இலக்கங்களைக் கலைத்துப் போட்டால் வர்க்க எண் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: கிடைக்கும். பகா எண் கேட்டபோது கைவிரித்த அதே 3,62,880 எண்களில் 30 வர்க்க எண்கள் உண்டு. சிறியது 13,98,54,276, அது 11,826-இன் வர்க்கம். பெரியது 92,31,87,456, அது 30,384-இன் வர்க்கம்.

1,23,45,679-ஐ ஒன்பதால் பெருக்கினால் எல்லாம் ஒன்றாக வருகிறது. அதில் 8 எங்கே போயிற்று?

இது வேறு எண். கட்டத்து எண்ணின் பங்காளி. ஒன்பதால் பெருக்கினால் 11,11,11,111. நம் எண்ணை ஒன்பதால் பெருக்கினால் 1,11,11,11,101. கடைசியில் ஒரு சுழியம் இடறும்.

எட்டு எங்கும் போகவில்லை, ஒன்பது வேடம் போட்டிருக்கிறது. ஒன்றை 81-ஆல் வகுத்துப் பாருங்கள். தசமப் புள்ளிக்குப் பிறகு 0, 1, 2, 3 என்று வரிசையாக இறங்கும். 9 தாண்டியதும் அடுத்த இடத்துக்கு 10 வர வேண்டும். ஓர் இடத்தில் பத்து நிற்காது. அதன் 1 இடப்பக்கம் தாவி 9-ஐ 10 ஆக்குகிறது. அந்தப் பத்தின் 1 மறுபடி இடப்பக்கம் தாவி 8-ஐ 9 ஆக்குகிறது. ஆகவே 0.012345679012345679 என்று எட்டு இல்லாமலே சுழன்றுகொண்டிருக்கும். நம் எண்ணும் இந்தக் குடும்பம்தான்: அதை 81-ஆல் பெருக்கினால் 9,99,99,99,909. ஆயிரம் கோடிக்கு 91 குறைவு.

2, 4, 5, 7, 8 ஆகியவற்றால் பெருக்கினால் மறுபடியும் ஒன்பது இலக்கங்களும் கலைந்து வருகின்றன. 3, 6 மட்டும் ஏன் ஏமாற்றுகின்றன?

கவனித்தவருக்கு ஒரு சபாஷ். இரண்டால் பெருக்கினால் 24,69,13,578. நான்கால் 49,38,27,156. ஐந்தால் 61,72,83,945. ஏழால் 86,41,97,523. எட்டால் 98,76,54,312. எல்லாவற்றிலும் ஒன்று முதல் ஒன்பது வரை தலைக்கு ஒரு தடவை.

காரணம் மேலே சொன்ன 81. நம் எண் கிட்டத்தட்ட ஆயிரம் கோடியில் 81-இல் ஒரு பங்கு. அதை மூன்றால் பெருக்கினால் 81 சுருங்கி 27 ஆகிவிடும். 27-ஆல் வகுத்தால் ஒன்பது இலக்கச் சுழற்சி மூன்று இலக்கமாகச் சுருங்கி 370, 370 என்றே திரும்பத் திரும்ப வரும். எனவே மூன்று மடங்கு 370370367. ஆறு மடங்கு 740740734. (இவற்றுக்கு நம் காற்புள்ளி போட்டால் சுழற்சி தெரியாது, அதனால் விட்டுவிட்டேன்.) மூன்றோடு உறவில்லாத 2, 4, 5, 7, 8 ஆகியவற்றால் 81-ஐச் சுருக்க முடியாது, ஒன்பது இலக்கச் சுழற்சி அப்படியே நிற்கிறது. அந்தச் சுழற்சியில் எப்போதும் ஒரு சுழியம் இருக்கும், ஓர் இலக்கம் குறையும். நம் எண்ணில் ஆயிரம் கோடிக்குக் குறைவாக இருந்த அந்த 91 இங்கே கைகொடுக்கிறது: இரண்டு மடங்கில் 24,69,13,580 என்று வந்து 7 குறைகிறது, இரண்டைக் கழித்ததும் 578 ஆகி, சுழியம் போய் 7 உட்கார்ந்துவிடுகிறது.

பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால்?

98,76,54,321-இலிருந்து நம் எண்ணைக் கழித்தால் 86,41,97,532. இதிலும் ஒன்பது இலக்கங்களும் உண்டு. ஆகவே இதை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் அடுக்கிக் கழித்தால் மறுபடியும் இதே எண். எத்தனை முறை செய்தாலும் இதே எண். நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் 1949-இல் நான்கு இலக்கத்தில் 6174 இப்படி நிற்பதைக் கண்டார்: 7641-இலிருந்து 1467 போனால் 6174. ஒன்பது இலக்கத்தில் நிற்கும் எண்களில் ஒன்று நம் வீட்டுப் பிள்ளை. மேலே ஏழால் பெருக்கி வந்த 86,41,97,523-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. வித்தியாசம் 9. கணக்கப்பிள்ளை பார்த்தால் ஏற்றும்போது பிழை என்று சிவப்பு மையில் சுழித்திருப்பார்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு வட்டிக் கணக்கு தெரிந்தால் போதாதா? இதெல்லாம் எதற்கு?

சென்னையில் ராமானுஜன் பெயரில் கணித நிறுவனத்தை 1950-இல் தொடங்கியவர் காரைக்குடி அழகப்பச் செட்டியார். அவரைக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

பழைய தமிழ் எண்ணில் எழுதினால் இந்த அழகெல்லாம் இருக்குமா?

பழைய பேரேடு புரட்டிய ஒருவர் கேட்டார். பழைய முறையில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக் குறிகள் உண்டு: ௰, ௱, ௲. பன்னிரண்டு என்றால் ௰௨. முப்பத்து நான்கு ௩௰௪. நம் எண் ௰௨ கோடி ௩௰௪ லட்சத்து ௫௰௬௲௭௱௮௰௯ என்று வரும். ஒன்று முதல் ஒன்பது வரை வரிசை கட்டி நிற்கும் காட்சி அங்கே இல்லை. முதல் இலக்கமான ௧-ஐயே காணோம்.

ஆகவே இந்தப் பக்கத்தில் சொன்னவற்றை இரண்டு குவியலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தலைகீழாவது, ஒன்றுகளாக மாறுவது, இலக்கங்கள் கலைந்து வருவது எல்லாம் எழுதும் முறையின் குணம். அதற்குப் பத்துதான் வேண்டும் என்பதுகூட இல்லை. நான்கு நான்காக எண்ணுகிற ஓர் ஊர் இருந்தால் அங்கே 123 என்பது ஒரு பதினாறு, இரண்டு நான்கு, மூன்று ஒன்று. நம் கணக்கில் 27. அதை இரண்டால் பெருக்கி 3 கூட்டினால் 57. அவர்கள் எழுத்தில் அது 321. நாம் எட்டும் ஒன்பதும் வைத்த இடத்தில் அவர்கள் இரண்டும் மூன்றும் வைக்கிறார்கள், அவ்வளவுதான். கணினி தன் பாஷையில் நம் எண்ணை 111010110111100110100010101 என்று எழுதுகிறது. அதில் எந்த வரிசையும் தெரியவில்லை.

இரண்டாவது குவியல் சிறியது: 3, 3, 3,607, 3,803. புளியங்கொட்டையாக எண்ணி வைத்தாலும், ௲ போட்டு எழுதினாலும், கணினி எழுதினாலும் இவை மாறா. ஆறு வடிவத் தளமும் மாறாது, சதுரம் ஆகாததும் மாறாது. பிள்ளைகள் முதல் குவியலுக்குக் கை தட்டுவார்கள். நான் இரண்டாவதற்கு.

12 இரண்டால் வகுபடுகிறது, 123 மூன்றால் வகுபடுகிறது, 1234 நான்கால் வகுபடவில்லையே?

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இடமிருந்து ஒவ்வோர் இலக்கமாக மறைத்துத் திறந்து பார்த்துக் கேட்டது. நம் எண் நான்காவது படியிலேயே விழுந்துவிடுகிறது. இலக்கங்களை மாற்றி அடுக்கி ஒன்பது படியும் ஏறுகிற எண் உண்டா என்பது அடுத்த கேள்வி.

தேடும் இடத்தைச் சுருக்கலாம். ஐந்தாவது படியில் ஐந்தால் வகுபட வேண்டும், சுழியம் இல்லை. ஆகவே ஐந்தாம் இடத்தில் 5 மட்டுமே. இரண்டு, நான்கு, ஆறு, எட்டாம் இடங்களில் இரட்டை எண்கள் வந்தாக வேண்டும். மற்ற நான்கு இடங்கள் 1, 3, 7, 9-க்கு. மூன்று லட்சத்துக்கு மேல் இருந்த கூட்டம் 576 ஆகிவிட்டது. நான்காலும் எட்டாலும் சலித்தால் இன்னும் குறையும். ஏழில் கிட்டத்தட்ட எல்லாம் கொட்டிப்போகும். மிஞ்சுவது ஒன்றே ஒன்று: 38,16,54,729. பையனுக்கு இரண்டு வாரமும் ஒரு நாற்பது பக்க நோட்டும் செலவாயின. கரும்பலகையில் பழைய கட்டத்துக்குக் கீழே இப்போது இன்னொரு கட்டம் இருக்கிறது; அவன் கையெழுத்து, அவன் போட்ட ‘அழிக்காதே’.